லினக்ஸ் மேசைக் கணினியும் அதன் இயக்கிகளும்

கணினியொன்றை வாங்கி மின்னிணைப்புக் கொடுத்த மாத்திரத்தே அது நம் ஏவலைக் கேட்கும் என்று எண்ணுதல் மக்கள் இயல்பு. ஆயின் பொறி தானாக யாதொன்றும் அறியாது. பொறிக்கும் அதனை ஆள்வோனுக்கும் இடைநின்று பணிகளைப் பகிர்ந்தளிக்கும் மென்பொருள் இயங்குதளம் எனப்படும். அதனுள்ளும் அச்சுப்பொறி, ஒலியட்டை, வரைகலையட்டை என்று எத்துணைக் கருவிகள் உளவோ, அவ்வவற்றின் மொழியறிந்து பேசும் நிரல்களும் வேண்டும். அந்நிரல்களே இயக்கிகள். அரசனுக்கும் அயல்நாட்டு வணிகனுக்கும் நடுவே நின்ற துபாஷியை இவை ஒப்பன. துபாஷி இல்லையாயின் அரசனும் ஊமையே.

கட்டற்ற மென்பொருளின் வரலாறும் ஓர் இயக்கியோடு தொடர்புடையது. 1980ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடமொன்றிலே பணிபுரிந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அச்சுப்பொறியிலே தாள் சிக்கினால் உரியவர்க்கு அறிவிக்குமாறு அதன் நிரலைத் திருத்த விரும்பினார். புதிதாக வந்த பொறியின் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983இல் அவர் குனூ என்னும் கட்டற்ற இயங்குதள முயற்சியை அறிவித்தமைக்கு இம்மனக்குறையும் ஒரு காரணமாயிற்று. 1991இல் பின்லாந்தின் எல்சிங்கி நகரிலே பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய லினக்ஸ் கரு, குனூவின் நிரல்களோடு சேர்ந்து முழுமையான இயங்குதளமாயிற்று.

அஃது அறிஞர்க்கு இனித்தது, ஏனையோர்க்கோ எட்டிக்கனி. திரையிலே வரைகலை முகப்புத் தோன்றுதற்குக்கூடக் காட்சித்திரையின் அலைவெண்களைக் கோப்பொன்றிலே கையால் எழுதவேண்டிய காலம் இருந்தது. எண் பிழைத்தால் திரை இருண்டுவிடும். 1996இல் தொடங்கிய கே.டி.ஈ.யும் 1997இல் தொடங்கிய க்னோமும் சாளரங்களையும் பட்டிகளையும் அளித்தன. 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் க்னோமைப் பயன்படுத்துவோர் எங்கெங்கே இடறுகின்றனர் என ஆராய்ந்தனர். அடுத்த ஆண்டு வெளிவந்த க்னோம் இரண்டாம் பதிப்பு தேவையற்ற தெரிவுகள் பலவற்றை நீக்கி எளிமை பெற்றது. 2004இல் மார்க் ஷட்டில்வர்த் தொடங்கிய உபுண்டு, மனிதருக்கான லினக்ஸ் என்றே தன்னைக் கூறிக்கொண்டது. அதனார் 2009இல் நூறு சிறு குறைகளைக் களைய முற்பட்டனர். தாளின் ஓரம் விரலைக் கீறுவதுபோல, சிறிதாயினும் நாடோறும் வருத்துவன அவை. பெருஞ்சாதனைகளிலும் இத்தகைய சிறு திருத்தங்களே ஒருவனை ஓர் இயங்குதளத்தோடு தங்கச்செய்வன என்பது எம் கருத்து.

எனினும், முகப்பு எத்துணை அழகிதாயினும் வலையிணைப்புக் கிட்டாவிடின் யாது பயன்? கம்பியில்லா வலையட்டைகளே நெடுங்காலம் பெருந்தடையாய் நின்றன. அவற்றைச் செய்தோர் பலர் தம் கருவியின் உள்ளியல்பை வெளியிட மறுத்தனர். வின்டோசுக்கென எழுதப்பட்ட இயக்கியையே லினக்சினுள் ஏமாற்றி இயக்கும் உபாயமும் கையாளப்பட்டது. பிராட்கொம் அட்டைகளின் பொருட்டு ஆர்வலர் மேற்கொண்ட வழி இன்னும் வியப்புக்குரியது. ஒரு குழுவினர் மூடிய இயக்கியை ஆராய்ந்து கருவி இயங்கும் முறையை விவரித்து எழுதினர். மற்றொரு குழுவினர் அம்மூடிய இயக்கியைக் கண்ணாலும் பாராது, அவ்விவரணத்தை மட்டும் கொண்டு புதிய இயக்கியை ஆக்கினர். பதிப்புரிமை வழக்கு எழாதிருத்தற்கே இவ்வேற்பாடு. அவ்வியக்கி 2006இல் லினக்ஸ் கருவினுட் சேர்ந்தது. 2010இல் அந்நிறுவனமே தன் புதிய அட்டைகள் சிலவற்றுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது.

இயக்கி கருவினுட் சேர்தலால் வரும் நன்மையை இவ்விடத்து விளக்குதல் தகும். லினக்ஸ் கருவின் உள்ளமைப்பு அடிக்கடி மாறும். அம்மாற்றத்தைச் செய்வோர் உள்ளேயுள்ள இயக்கிகளையும் உடன் திருத்துவர். வெளியே நிற்கும் மூடிய இயக்கியோ அதன் உரிமையாளர் திருத்துமளவும் காத்திருத்தல் வேண்டும். நேற்று இயங்கிய கணினி இன்று புதுப்பித்தபின் வெறுந்திரை காட்டியமைக்குப் பலகால் இதுவே காரணம். 2007இல் லினக்ஸ் கரு வல்லுநர் கிரெக் குரோ-ஹார்ட்மன், உள்ளியல்பை அறிவிக்கும் எந்நிறுவனத்துக்கும் இயக்கியை இலவசமாகவே எழுதித் தருவதாக அறிவித்தார். கேட்டது பொருளன்று, அறிவே.

வரைகலையட்டைகளில் வழிகள் பிரிந்தன. ஏ.எம்.டி. 2007இல் தன் அட்டைகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது; இன்று அவ்வட்டைகள் பெரும்பாலும் பொருத்தியவுடன் இயங்குவன. என்விடியா மூடிய இயக்கியையே வழங்கியது. அது நினைவகத்திலே எழுதுவனவற்றை உற்றுநோக்கி, ஆர்வலர் நூவோ என்னும் இயக்கியை ஆக்கினர். 2010இல் அது கருவினுட் சேர்ந்தது. 2012இல் பின்லாந்திலே நிகழ்ந்த கூட்டமொன்றில் டோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்தை ஈண்டு எழுதத்தகாத சொல்லாலே ஏசினார். 2022 மே மாதத்தில் அந்நிறுவனம் தன் இயக்கியின் கருப்பகுதியைத் திறந்தது. புதிய தலைமுறை அட்டைகளுக்கே அது பொருந்தும். எஞ்சிய பகுதிகள் மூடியவாறே உள்ளன.

அச்சுப்பொறிகளின் நிலை நன்கு மாறியுள்ளது. புதியவை பல பொதுநெறி ஒன்றைப் பின்பற்றுதலால் தனி இயக்கியே வேண்டாதனவாயின. மடிக்கணினிகளின் கைரேகை உணரிகள் பல மட்டும் இன்னும் இணங்கவில்லை. ஆதலின், லினக்சை நிறுவ விழைவோர் அதனை யுஎஸ்பி நினைவியொன்றிலிருந்தே முதலில் இயக்கி, ஒலி, வலையிணைப்பு, உறக்கநிலை ஆகியவற்றைச் சோதித்தறியலாம். வன்தட்டிலே யாதொன்றும் எழுதப்படாது.