கனத்த குவார்க்கின் சாட்சியம்

ஒரு வழக்கிலே நம்பத்தகுந்த சாட்சி யார்? சம்பவம் தொடங்கிய கணமுதல் அவ்விடத்தில் இருந்தவன். இடையிலே வந்து புகாதவன். முடிவுவரை மறைந்து போகாதவன். நடந்ததன் தழும்பைத் தன் மேனியிலேயே தாங்கி வந்தவன். நியாயஸ்தலங்களில் இத்தகைய சாட்சி கிடைப்பது அருமையினும் அருமை. பௌதிக சாஸ்திரிகளுக்கோ அப்படிப்பட்ட சாட்சி ஒன்று வாய்த்திருக்கிறது. கனத்த குவார்க் என்பது அதன் பெயர். அது சொன்ன சாட்சியமும், அதனால் எழுந்த குழப்பமும், குழப்பம் தெளிந்த விதமும் நம் வாசகர்கள் அறியத்தக்கவை.

முதலில் சம்பவத்தைச் சொல்லுவோம். அமெரிக்காவில் லாங் ஐலண்டிலுள்ள புரூக்ஹேவன் ஆராய்ச்சிசாலையில் 2000-ம் வருஷத்தில் தங்கத்தின் அணுக்கருக்களை எதிரெதிராக ஓட்டி மோதவிடத் தொடங்கினார்கள். ஜினீவா நகரத்தருகே, செர்ன் ஸ்தாபனத்தின் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள யந்திரத்தில், ஈயத்தின் அணுக்கருக்களை 2010-ம் வருஷத்தில் அவ்வாறே மோதவிட்டார்கள். ஒளியின் வேகத்துக்கு அணுவளவே குறைந்த வேகம் அது. புரூக்ஹேவனில் இம்மோதலால் பிறந்த உஷ்ணம் சுமார் 4 லட்சம் கோடி டிகிரி. அதாவது சூரியனது நடுமையத்தின் உஷ்ணத்தைப்போல் இரண்டரை லட்சம் மடங்குக்கு மேல். அவ்வெப்பத்தில் புரோட்டானும் நியூட்ரானும் உருகிப்போய், அவற்றுள் அடைபட்டிருந்த குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் விடுபட்டு ஒரே திரவமாகின்றன. பிரபஞ்சம் பிறந்தபின் முதல் சில மைக்ரோ வினாடிகளில் எங்கும் நிறைந்திருந்த பொருள் இதுவே. ஆனால் இது நிலைக்கும் காலமோ, ஒரு வினாடியைக் கோடியால் மும்முறை வகுத்தால் வருவதில் நூற்றில் சில பங்கு மாத்திரமே! உள்ளே எட்டிப்பார்க்க எந்தக் கருவியாலும் ஆகாது. ஆகையால் உள்ளிருந்து வெளிவந்த சாட்சிகளை விசாரித்தே உண்மையை அறிய வேண்டியிருக்கிறது.

சாட்சிகளில் சிறந்தவை 1974-ல் கண்டுபிடிக்கப்பட்ட சார்ம் குவார்க்கும், 1977-ல் கண்டுபிடிக்கப்பட்ட பாட்டம் குவார்க்கும். முன்னது புரோட்டானைவிடச் சற்று அதிகக் கனமுள்ளது. பின்னதோ அதைப்போல் ஏறக்குறைய நாலரை மடங்கு. இவ்வளவு கனத்த வஸ்துவைப் பிறப்பிக்க மிகுந்த சக்தி வேண்டும். அச்சக்தி மோதலின் முதற்கணத்தில்தான் உண்டு. பிறகு உண்டாகும் திரவத்தின் வெப்பம் அதற்குப் போதாது. ஆகவே இவை சம்பவத்தின் ஆரம்பத்திலேயே பிறந்து, திரவம் முழுவதையும் ஊடுருவிக் கடந்து, கடைசியில் இலேசான குவார்க் ஒன்றுடன் கூடி வெளிவருகின்றன. வெளிவந்த ஜோடி ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு தூரம் சென்று சிதையும். அச்சிதைவைக் கொண்டு சாட்சியின் அடையாளம் தெரிகிறது.

நிற்க. வேகமாய்ச் செல்லும் துகள் ஒன்று தன் சக்தியை எவ்வழிகளில் இழக்கிறது? இரண்டு வழிகள் உண்டு. எதிர்ப்படும் துகள்களின்மேல் இடித்து இழப்பது ஒன்று. இடிபட்ட அதிர்ச்சியில் கதிர்வீசி இழப்பது மற்றொன்று. கனத்த துகள் குறைவாகவே கதிர்வீசும் என்பது நெடுநாள் தெரிந்த விதி. ஆகாயக் கதிர்களில் வந்த மியூவான் என்னும் துகள், எலெக்ட்ரானைப்போல் 207 மடங்கு கனமுடைமையால் கதிர்வீசாமல் கனத்த ஈயத் தகட்டையும் துளைத்துச் சென்றதைக் கொண்டே 1936-37 வருஷங்களில் அதைப் புதிய துகளென்று அறிந்தார்கள். குவார்க் விஷயத்திலும் அப்படியே. கனத்த குவார்க் தான் செல்லும் திசையைச் சுற்றிய ஒரு கூம்பினுள் கதிர்வீசாது என்று தோக்‌ஷித்ஸர் முதலிய ருஷிய அறிஞர் 1991-ல் கணித்தனர். அக்கணக்கை 2001-ல் தோக்‌ஷித்ஸரும் கர்ஸீவும் இந்தத் திரவத்துக்குப் பொருத்தினர். ஆகவே கனத்த குவார்க் திரவத்தை அதிக நஷ்டமின்றிக் கடந்துவரும் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பு.

சாட்சி கூண்டிலேறிச் சொன்னது வேறு! புரூக்ஹேவனில் பீனிக்ஸ், ஸ்டார் என்னும் இரு பரிசோதனைக் குழுக்களும், 2007-ம் வருஷத்துக்குள், கனத்த குவார்க்குகளின் சிதைவில் பிறந்த எலெக்ட்ரான்களை எண்ணிப் பார்த்தன. திரவம் உண்டாகாத சாதாரண புரோட்டான் மோதல்களைக் கொண்டு கணக்கிட்டால், இத்தனை வேகமுள்ளவை இத்தனை வரவேண்டும் என்று தெரியும். வந்தவையோ அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே! குவார்க்குகள் அழிந்துவிடவில்லை, வேகத்தைப் பறிகொடுத்து மந்தமாய்விட்டன. இலேசான குவார்க்குகள் பட்ட பாட்டையே கனத்தவையும் பட்டிருந்தன. அன்றியும், திரவம் ஓடிய திசையில் தாமும் இழுபட்டிருந்தன.

விதி பொய்யா, சாட்சி பொய்யா? அவசரக்காரர் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுவர். அறிஞர்கள் வரவு செலவுக் கணக்கை மறுபடியும் புரட்டினார்கள். இடிபடுவதால் வரும் நஷ்டத்தை பியோர்க்கென் என்பவர் 1982-லேயே மதிப்பிட்டிருந்தார். அது சொற்பமென்று எண்ணிப் பலரும் கதிர்வீச்சையே பெரிதாகக் கொண்டிருந்தனர். கொல்கத்தாவில் சாகா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த முன்ஷி கோலாம் முஸ்தபா, சார்ம் குவார்க்குக்கு இவ்விரு நஷ்டங்களும் ஏறக்குறைய சரிசமானமென்று 2005-ல் எடுத்துக்காட்டினார். வேறு நாட்டாரும் இவ்வழியே கணக்கிட்டனர். கதிர்வீச்சின் செலவு குறைந்தது மெய். இடிபாட்டின் செலவைத்தான் குறைவாக எழுதியிருந்தார்கள். நீரிலே மிதக்கும் மகரந்தப் பொடி, கண்ணுக்குத் தெரியாத நீரணுக்களால் ஓயாமல் இடிக்கப்பட்டு அலைவதைப் போலவே, கனத்த குவார்க்கும் அத்திரவத்தில் இடிபட்டு இளைக்கிறது. அந்த இளைப்பின் அளவு திரவத்தின் தன்மைக்கு உரைகல்லாகிறது. அது ஆவிபோல் தளர்ந்ததன்று. நெருங்கிப் பிணைந்து, மிகச் சொற்பமான பிசுபிசுப்புடன் ஓடும் திரவம் என்பது இதனாலும் உறுதிப்பட்டது.

விதியும் அழியவில்லை. ஜினீவாப் பரிசோதனைகளில் பாட்டம் குவார்க், சார்மைவிடக் குறைவாகவே நஷ்டப்பட்டது தெரிந்தது. கதிர்வீசாத கூம்பையே ஆலிஸ் குழுவினர் புரோட்டான் மோதல்களில் நேராகக் கண்டு 2022-ல் பிரசுரித்தனர். அந்த ஆலிஸ் கருவியில், கனத்த குவார்க்குகளின் சிதைவில் வரும் மியூவான்களை அளக்கும் பகுதிக்கு 'மானஸ்' என்னும் மின்சில்லுகளை வகுத்தளித்தது மேற்சொன்ன சாகா நிலையமே. அலிகார் சர்வகலாசாலையும் அப்பகுதியின் நிர்மாணத்தில் பங்குகொண்டது.

இதனால் ஏழையின் வயிறு நிறையுமா என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானது, மழுப்பலாகப் பதில் சொல்லலாகாது. குவார்க்கின் கணக்கு ஒருபிடி அரிசியையும் விளைவிக்காது. ஆயினும் பிறர் கண்ட உண்மையைக் கடன்வாங்கியே காலங்கழிக்கும் தேசம் அறிவில் சுதந்திரமடைந்ததாகாது. உண்மையைத் தேடும் சபையில் நமக்கும் ஓர் ஆசனம் வேண்டும். அதற்குரிய விலையை அளவறிந்து கொடுக்கவும் வேண்டும்.

பொதுவாழ்வில் ஈடுபட்டோருக்கு இதில் மற்றொரு பாடமும் உண்டு. நாம் கொண்ட கொள்கைக்கு விரோதமாகச் சாட்சியம் வரும்போது, சாட்சியைத் துரோகியென்று தூற்றுவதும், கொள்கையை மறுநாளே குப்பையில் எறிவதும் நம்மிடையே சகஜமாயிருக்கின்றன. இரண்டும் சோம்பலின் பிள்ளைகள். கணக்கை மறுபடியும் பார்ப்பது கடினம். விட்டுப்போன பற்று எது என்று தேடுவது அதனினும் கடினம். அப்படித் தேடியவர்களே கொள்கையையும் காப்பாற்றினார்கள், உண்மையையும் கண்டார்கள்.