இராப் பிரயாணமும் வண்டிக்குள் உறக்கமும்

ஈஜிபுராவிலும் அதையடுத்த விவேக்நகர், கோரமங்களா பகுதிகளிலும் குடியிருக்கும் நம்முடைய குடும்பங்களில் அநேகருக்குச் சொந்த ஊர் தென்மாவட்டங்களில் இருக்கிறது. பள்ளி விடுமுறை, கலியாணம், கிறிஸ்துமஸ் என்று வரும்போது சொந்தக் காரிலோ வாடகை வேனிலோ இராத்திரி புறப்படுவது வழக்கமாகிவிட்டது. ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், கரூர், மதுரை வழியாகத் திருநெல்வேலி சேர ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் கடக்க எந்த ஓட்டுநராலும் ஆகாது. ஆகவே வழியில் எங்கே நிறுத்துவது, வண்டிக்குள் எப்படி உறங்குவது என்பது ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்கவேண்டிய காரியம்.

நள்ளிரவு தாண்டி விடியும்வரை நம் சரீரம் உறக்கத்தைத் தேடுகிறது. மன உறுதியினால் அதை வெல்லலாம் என்று எண்ணுவது பேதைமை. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே உள்ள தொப்பூர் கணவாயின் இறக்கம் விபத்துகளுக்குப் பேர்போனது. கண் சொருகத் தொடங்கினால் நிறுத்தி உறங்குவதே ஞானம்.

ஆனால் சாலையோரத்தில் நிறுத்தலாகாது. பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி வண்டியையோ இழுவை வண்டியையோ பொது இடத்தில் நிறுத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தடைசெய்கிறது. இராத்திரி முழுதும் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க், லாரிகள் நிற்கும் தனி இடம், வெளிச்சமுள்ள உணவகத்தின் வளாகம் ஆகியவை ஏற்றவை. அங்குள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு நிறுத்துங்கள். பங்குகளில் குடிநீரும் கழிப்பறையும் கட்டணமின்றிக் கிடைக்கவேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் உதவி தேவைப்பட்டால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

இப்போது படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் அமைந்த கேரவன் வண்டிகளும் நம் நாட்டில் ஓடுகின்றன. கேரள அரசு 2021இல் இதற்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து, இவ்வண்டிகள் இராத்தங்குவதற்குத் தனிப் பூங்காக்களையும் அதில் சேர்த்தது. வசதி பெருகியதுபோல எச்சரிக்கையும் பெருகவேண்டும் என்பதற்கு அதே கேரளத்தில் நடந்த ஒரு துயரம் சாட்சி.

2024 டிசம்பர் 23ஆம் தேதி, வடகரை அருகே கரிம்பனப்பாலத்தில் நெடுஞ்சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஒருவர் அதன் ஓட்டுநர்; மற்றவர் உடன் வேலை செய்தவர். பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், ஏ.சி.யை ஜெனரேட்டரில் ஓடவிட்டு இளைப்பாறினவர்கள். ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டியின் அடித்தளத்தில் இருந்த துவாரத்தின் வழியாக உள்ளே புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்களின் சோதனையில் தெரியவந்தது.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாய்ப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், வாந்தி உணர்வு ஆகியவை அதன் அடையாளங்கள். உறங்குகிறவனோ இவற்றை உணரவே மாட்டான். சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பவதிகளுக்கும் ஆபத்து அதிகம்.

ஆகவே இவற்றைக் கைக்கொள்ளுங்கள். எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, அடைத்த வண்டிக்குள் உறங்காதிருங்கள். கண்ணாடியைச் சற்று இறக்கியிருப்பதே போதும் என்று நம்பி எஞ்சினை ஓடவிடவும் வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். வண்டிக்குள் அடுப்போ கரியோ மூட்டாதிருங்கள். புகைக்குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று புறப்படுமுன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கேரவன் அமர்த்துவோர், இவ்வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவி அதில் உண்டா என்று கேளுங்கள். யாருக்காவது மயக்கம் கண்டால் உடனே எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள்.

இன்னும் ஒன்று உண்டு. குடும்பம் லாட்ஜில் படுத்துறங்க, ஓட்டுநர் மாத்திரம் வண்டியில் ஏ.சி. போட்டுக்கொண்டு கிடப்பது நாம் அன்றாடம் காணும் காட்சி. வடகரையில் உயிரிழந்தவர்களும் உழைப்பாளிகளே. 2023இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தினரின் ஓட்டுநர்களுக்குக் கழிப்பறையோடுகூடிய தங்கும் இடத்தை ஓட்டல்களும் லாட்ஜுகளும் ஏற்படுத்தவேண்டும் என்று கட்டளையிட்டது. அறை எடுக்கும்போதே, "டிரைவருக்கு இடம் எங்கே?" என்று கேளுங்கள். இல்லையென்றால் அவருக்கும் ஒரு படுக்கைக்குப் பணம் கொடுங்கள். நம் சபைகளிலேயே வண்டி ஓட்டிப் பிழைக்கும் சகோதரர் எத்தனையோ பேர்! அவர்கள் வீட்டிலும் மனைவியும் பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள்.