ஒரே முடிச்சில் போட்ட இணைப்பும் பாடமும்

நகரத்துப் பிள்ளைக்குக் கிடைப்பது தோட்டத்துப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு 2011-இல் மலேசியக் கல்வியமைச்சு '1பெஸ்தாரிநெட்' திட்டத்தைத் தொடங்கியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உட்பட ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு 4ஜி இணைய இணைப்பு, 'ஃப்ரோக்' மெய்நிகர் கற்றல் தளம் என இரண்டையும் ஒரே ஒப்பந்தமாக ஒய்டிஎல் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. முதல் கட்டச் செலவு மட்டும் 66.3 கோடி ரிங்கிட். ஆனால் ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகியோரின் தளப் பயன்பாடு 0.01 முதல் 4.69 விழுக்காடு வரைதான் என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. ஆனாலும் இரண்டாம் கட்டம் 2019 ஜூன் வரை நீண்டது.

நோக்கத்தில் குறையில்லை, வாங்கிய முறையில்தான் கோளாறு. இணைப்பு வலுவாக இல்லாத பள்ளியில், எவ்வளவு நல்ல தளமும் பயன்படாது. அரை மணி நேரப் பாடவேளையில் முப்பது பிள்ளைகள் ஒன்றாக உள்நுழைய முயன்று, பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், ஆசிரியர் வெண்பலகைக்குத்தான் திரும்புவார். தளம் வகுப்புக்குப் பொருந்தாவிட்டால், அதை மட்டும் மாற்றிக்கொள்ளவும் வழி குறுகிவிடுகிறது. இரண்டையும் ஒரே நீண்ட ஒப்பந்தத்தில் பிணைத்ததால், ஒன்றின் குறை மற்றொன்றையும் முடக்கியது.

ஆசிரியர்கள் புதுமைக்கு இணங்கவில்லை என்பார் உண்டு. பழக்கம் மாற நாளாகும் என்பது உண்மையே. ஆனால் பணிச்சுமையைக் குறைக்கும் கருவியை எந்த ஆசிரியரும் ஒதுக்குவதில்லை; சுமையைக் கூட்டுவதைத்தான் ஒதுக்குவார். முன்னோடித் திட்டத்தில் இழப்பு இயல்பு என்ற வாதமும் இங்கே எடுபடாது. சில நூறு பள்ளிகளில் சோதித்துப் பார்த்து இழந்திருந்தால் அது பாடம். நாடு முழுவதும் விரித்து, தணிக்கை எச்சரித்த பிறகும் தொடர்ந்ததற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

2019 ஜூலையில் அமைச்சு, பள்ளிகளுக்குக் கட்டணமில்லாத கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறியது. மறுஆண்டே பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்கருவியும் இல்லை என்று அமைச்சின் ஆய்வே காட்டியது. பிள்ளையின் கையில் கருவி இல்லாத இடத்தில் எந்தத் தளத்தாலும் பயனில்லை. ஆகவே இனி இணைப்பு, தளம், கருவி ஆகியவற்றைத் தனித்தனியாக, குறுகிய கால ஒப்பந்தங்களில் வாங்க வேண்டும். பயன்பாட்டு விவரத்தைப் பள்ளிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதைப் பார்த்த பிறகே அடுத்த தவணைப் பணத்தை விடுவிக்க வேண்டும். மக்கள் வரிப்பணத்துக்கு அமைச்சு கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மரியாதை இது.