ஆரியசாலைத் தெருவுக்கு எந்தக் கேமரா?

நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சாமி விக்கிரகங்களோடு ஓர் ஊர்வலம் கிளம்பும். குழித்துறை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாக மூன்றாம் நாள் திருவனந்தபுரம் வந்து சேரும். தேவாரக்கட்டு சரஸ்வதி கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்துக்குப் போவார். சுசீந்திரம் முன்னுதித்த நங்கை செந்திட்டைக்கும், வேளிமலை குமாரசுவாமி ஆரியசாலை அம்மன் கோயிலுக்கும் போவார்கள். திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்தை விட்டு மாறிய பிறகு ஏற்பட்ட வழக்கம் இது. 1956-இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் இரண்டு மாநிலங்களின் விழாவாகிவிட்டது.

கரடுமுரடான பயணத்துக்கு எந்தக் கேமரா ஏற்றது என்று கேட்பவர்களுக்கு ஆப்கானிஸ்தானை உதாரணம் காட்ட வேண்டியதில்லை. இந்த ஊர்வலம் போதும். நாள் முழுக்க நடை. பிற்பகலில் இடியோடு மழை கொட்டக்கூடிய பருவம். யானை, பல்லக்கு, போலீஸ் அணிவகுப்பு, தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். கடைசியில் ஆரியசாலை. அதை ஒட்டிக் கிடப்பது திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த சாலைக் கடைத்தெரு. வத்தல், மல்லி மூட்டைகளை இறக்கும்போது பறக்கும் தூசி வேறு.

இங்கே கேமராவுக்கு இரண்டு குணம் வேண்டும். தெருவில் படுவதையெல்லாம் தாங்க வேண்டும், மனிதர்களின் கண்ணை உறுத்தக் கூடாது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் அமைவது அரிது. வாங்குபவர் குழம்புவது அதனால்தான்.

கண்ணை உறுத்தாமல் இருப்பதில் தொடங்குவோம். நீளமான லென்ஸ் மாட்டிய பெரிய கேமராவைத் தூக்கியதும் எதிரில் இருப்பவர் ஒன்று நிமிர்ந்து நிற்பார், இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா என்ற சின்னக் கேமரா இந்தச் சிக்கலைத் தீர்த்தது. புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் அதன் பளபளக்கும் உலோகத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். டிஜிட்டல் காலத்தில் மேக்னம் என்ற புகைப்படக்காரர்கள் கூட்டமைப்பைச் சேர்ந்த அலெக்ஸ் மயோலி 2003-இல் ஈராக் போரைப் படமெடுக்கக் கொண்டுபோனவை சுற்றுலாப் பயணிகள் வைத்திருப்பது போன்ற சின்ன ஒலிம்பஸ் கேமராக்கள். அவரை யாரும் பெரிய ஆளாக எண்ணவில்லை. அதுவே அவருக்கு வசதியாகப் போயிற்று.

இன்று அந்த இடத்தில் இருப்பவை முக்கியமாக இரண்டு: ரிக்கோ ஜிஆர் 3, ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 விஐ. ஜிஆர் 257 கிராம்தான், சட்டைப் பைக்குள் அடங்கும். இதில் ‘ஸ்னாப் ஃபோகஸ்’ என்று ஒரு வசதி உண்டு. ஃபோகஸை 2 மீட்டரிலும் துவாரத்தை எஃப்/8-லும் நிறுத்திவிட்டால், சுமார் 1 மீட்டரிலிருந்து தெருவின் மறுகோடி வரை தெளிவாக விழும். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. கூட்டத்தில் இது பெரிய வரம். ஆனால் இந்தக் கேமராவுக்கு மழைக்காப்பு கிடையாது. ஆன் செய்யும்போது வெளியே நீளும் லென்ஸ், உள்ளே மடங்கும்போது தூசியையும் இழுத்துக்கொண்டு போகும். சென்சாரில் விழுந்த புள்ளியைத் துடைக்க லென்ஸைக் கழற்றவும் முடியாது, சர்வீஸ் சென்டர்தான் கதி. வத்தல் மூட்டை இறங்கும் தெருவுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பேட்டரியும் ஒரு சார்ஜில் சுமார் 200 படம்தான் தரும்.

எக்ஸ்100 விஐ 521 கிராம். பழைய ஃபிலிம் கேமரா போன்ற தோற்றமே அதற்குப் பாதுகாப்பு. லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இலை ஷட்டர் கிட்டத்தட்ட சத்தமே போடாது. சத்தம் வேண்டாமென்றால் எலக்ட்ரானிக் ஷட்டர் போதுமே என்பார்கள். பகலில் போதும். ஆரியசாலையில் இரவு எல்இடி தோரணங்களின் கீழே அதை வைத்து எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். அந்த ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது, விளக்குகளோ இடைவிடாமல் துடிக்கின்றன. இலை ஷட்டர் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பதிவதால் பட்டை விழாது. மழையைப் பொறுத்தவரை, இது தனியாகத் தாங்காது. லென்ஸ் முன்னால் ஒரு வளையமும் பாதுகாப்பு ஃபில்டரும் மாட்டினால்தான் காப்பு முழுமையாகும். விளம்பரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் இந்த விஷயத்தைக் கடைக்காரர் சொல்லாமலும் விடலாம்.

அடுத்து உறுதி. ‘வெதர் சீல்டு’ என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. அளவுகோல் உள்ளது ஐபி எண்ணுக்குத்தான். முதல் இலக்கம் தூசி, இரண்டாவது தண்ணீர். ஓஎம்-5 போன்ற சில கேமராக்களுக்கு ஐபி53 என்று தந்திருக்கிறார்கள், அதுவும் சீல் உள்ள லென்ஸ் மாட்டியிருந்தால். அங்கே 5 என்றால் தூசி உள்ளே போனாலும் வேலையைக் கெடுக்காது என்று பொருள். 3 என்றால் மேலிருந்து சாய்வாக 60 டிகிரி வரை விழும் தூறலைத் தாங்கும். இந்தப் பருவத்து மழை தூறலோடு நிற்பதில்லை, தரையில் பட்டுக் கீழிருந்தும் தெறிக்கும். தண்ணீரில் முங்கினாலும் பரவாயில்லை என்றால் 7 அல்லது 8 வேண்டும். இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை என்பதும் நினைவிருக்கட்டும். கடல் காற்றும் வியர்வையும் அந்தக் கணக்கில் வராது. ரப்பர் சீல் ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டும் போகும்.

முழுக்க நனையலாம் என்ற வகையில் முன்னோடி நிக்கோனாஸ். 1963-இல் வந்த இது கடலுக்குள் படமெடுக்கச் செய்த கேமரா. வியட்நாமின் மழையிலும் சேற்றிலும் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். இன்றைய வாரிசு ஓஎம் சிஸ்டம் டிஜி-7. 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீரைத் தாங்கும், 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைக்கும். கொடுக்க வேண்டிய விலை படத்தின் தரம். அதன் சென்சார் பரப்பு ஜிஆர் சென்சாரில் சுமார் பதின்மூன்றில் ஒரு பங்கு. பகல் மழையில் அற்புதமாக இருக்கும், தீவட்டி வெளிச்சத்தில் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும்.

செல்போனை மட்டமாகப் பேச மாட்டேன். விலை கூடிய போன்கள் பலவற்றுக்கு ஐபி68 இருக்கிறது. 2010-இல் நியூயார்க் டைம்ஸின் டேமன் வின்டர் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கச் சிப்பாய்களை ஐபோனில் எடுத்த படங்கள் முதல் பக்கத்துக்கே வந்தன. கூட்டத்தில் எல்லோர் கையிலும் இருப்பதால் போனை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் மழைத்துளி விழுந்த திரை விரலுக்குக் கட்டுப்படாது. ஒலியளவு பட்டனால் கிளிக் செய்யப் பழகிக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு இது. முதல் கேமராவாக ஃபில்டர் மாட்டிய எக்ஸ்100 வகை ஒன்று. மழை வலுத்தால் எடுக்க டிஜி-7, அல்லது கையிலிருக்கும் போன். கேமராவில் பீப் ஒலியையும் ஃபோகஸ் விளக்கையும் முதல் நாளே அணைத்துவிடுங்கள். ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த லென்ஸில் நீராவி படிந்து கால் மணி நேரம் வீணாகும்.

ஒளிவுமறைவாக எடுப்பதற்கல்ல சின்னக் கேமரா. படம் வேண்டாம் என்று கை காட்டுபவரிடம் அதை இறக்கிவிட வேண்டும். கேமரா தடைசெய்யப்பட்ட கோயிலுக்குள் சட்டைப் பையில் இருக்கும் கேமராவுக்கும் இடமில்லை. உறுதியான கேமரா ஆளைக் காப்பாற்றாது என்பதையும் கேரளம் அறியும். மழையைப் படமெடுப்பதில் பெயர்பெற்ற மலையாள மனோரமா புகைப்படக்காரர் விக்டர் ஜார்ஜ், 2001 ஜூலை 9 அன்று இடுக்கி மாவட்டத்தில் தொடுபுழா அருகே நிலச்சரிவைப் படமெடுக்கப் போன இடத்தில் மண்ணில் புதைந்து இறந்தார்.

புதிதாக வாங்கப் பணமில்லாதவர்கள் செகண்ட் ஹேண்ட் பார்க்கலாம். நம்மூர் ஈரப்பதத்தில் லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சைதான். வாங்கும் முன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை நூல் போலக் கிளைவிட்டு எதுவும் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.