பலகையும் தகரமும்: கோப்பெங் புதுக்கிராமத்து வீடு

இரண்டாம் உலகப் போருக்குப் பின், உறுப்புகளை ஆலையில் செய்து மனையில் பூட்டும் முன்தயாரிப்பு வீடுகளை மேலைநாட்டுக் கட்டடக்கலைஞர்கள் புதுமையாகக் கொண்டாடிய காலத்தில், பேராக்கின் கோப்பெங் வட்டாரத்தில் அம்முறையின் எளிய வடிவம் எந்தக் கலைஞரின் பெயரும் இன்றி வேரூன்றியது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களுக்கு மக்களின் உதவி கிட்டாதபடி தடுக்க ஆங்கிலேய ஆட்சி 1950இல் வகுத்த பிரிக்ஸ் திட்டத்தின்படி, மலாயா முழுவதும் காட்டோரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 5 லட்சம் பேர் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். லாவான் கூடா பாரு, கோப்பிசான் பாரு ஆகியவை அவ்வாறு எழுந்தவை. அங்குக் குடியேறியோரில் பெரும்பாலோர் சீனர். தமிழர் பெரும்பாலும் தத்தம் தோட்டங்களிலேயே வேலிக்குள் ஒன்றுதிரட்டப்பட்டனர்.

அவசரமாக எழுப்ப வேண்டியிருந்த இவ்வீடுகளுக்கு மரச்சட்டமும் பலகைச் சுவரும், நீப்பா ஓலையால் முடைந்த அத்தாப்பு அல்லது தகரக் கூரையும் பயன்பட்டன. சுற்றிலும் ரப்பர் மரங்கள் நின்றும் பலகை என்னவோ காட்டு மரத்திலிருந்தே வந்தது. மாவுச்சத்து மிகுந்த ரப்பர் மரத்தைப் பூச்சியும் பூஞ்சணமும் விரைவில் பற்றுவதால், பதப்படுத்தும் முறை பரவும் வரை அது பெரும்பாலும் அடுப்புக்கே போயிற்று.

இவ்வீட்டில் உண்மையான ஆலைப் பொருள் தகரம்தான். 1829இல் லண்டனில் ஹென்றி ராபின்சன் பாமர் காப்புரிமை பெற்ற நெளிதகடு, அலையலையாக மடிக்கப்படுவதால் நெளிவின் நீளவாக்கில் எளிதில் வளையாது. ஆகவே கனமான மரச்சட்டங்கள் இன்றி, இடைவெளிவிட்டு அமைத்த மெல்லிய குறுக்குச் சட்டங்களே அதைத் தாங்கும். மேற்பூச்சான துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு, இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. ஆணியை அலையின் முகட்டில்தான் அடிக்க வேண்டும். மழைநீர் பள்ளத்தில் ஓடுவதால், அங்கு விழும் துளை கட்டாயம் ஒழுகும். நண்பகல் வெக்கையும் மழையின் இரைச்சலும் இக்கூரையின் தீராக் குறைகள்.

கோப்பெங் வீட்டுக்கு நேர்மாறானது தில்லியின் முன்தயாரிப்பு வீட்டு அனுபவம். இந்திய அரசு 1948 முதல் அங்கு நிறுவிய வீட்டு ஆலையில், கட்டடக்கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரின் வழிகாட்டலில் வார்க்கப்பட்ட நுரைக் கான்கிரீட் சுவர்ப் பலகங்கள் விரிசலுற்று, திட்டமே கைவிடப்பட்டது. பலகம் முழுவதையும் ஆலையை நம்பிச் செய்த வீட்டில், பழுது வந்தால் குடியிருப்பவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. கோப்பெங் வீட்டிலோ, ஒருவர் தூக்கக்கூடிய தகடும் பலகையும் தனித்தனியே மாற்றத்தக்கவை. கையில் காசு சேரச் சேர அத்தாப்பு தகரமாகவும், மண்தரை சிமென்டாகவும், பலகைச் சுவரின் கீழ்ப்பாதி செங்கல்லாகவும் மாறிவந்ததற்கு இதுவே காரணம்.