உங்களுக்குத் தெரியுமா? சைலீசியாவின் ‘குட்டி வெர்சாய்’

போலந்தின் மேல் சைலீசியாவில் உள்ள ஊர் ஷ்வியெர்க்லானியெட்ஸ். ஜெர்மானியர் ஆட்சியில் இதன் பெயர் நொய்டெக். நிலக்கரியாலும் துத்தநாகத்தாலும் பெரும் செல்வந்தரான கீடோ ஹென்கெல் ஃபொன் டொனர்ஸ்மார்க், 1870-களில் இங்கே பிரெஞ்சுப் பாணியில் ஓர் அரண்மனை எழுப்பினார். கட்டடக் கலைஞர் யார் தெரியுமா? பாரிஸின் லூவர் மாளிகை விரிவாக்கத்தை நிறைவேற்றிய எக்தோர் லெஃபுயெல்! சுரங்கப் புகை சூழ்ந்த வட்டாரத்தில் இப்படியொரு மாளிகை எழுந்ததற்கு முக்கியக் காரணம், கீடோவின் மனைவி லா பாய்வா. மாஸ்கோவில் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்து, பாரிஸையே தன் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தவர். அவர் 1884-இல் காலமானதும் இதே நொய்டெக்கில்தான்.

1945-இல், இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், அரண்மனை தீக்கிரையானது. சுவர்கள் நின்றிருந்தும் அதை மீட்டெடுக்க யாரும் முன்வரவில்லை; 1960-களின் தொடக்கத்தில் இடிபாடுகளையும் தகர்த்துவிட்டார்கள். போரைவிட இந்த அலட்சியம்தான் மனதை அதிகம் உறுத்துகிறது.

பூங்கா மட்டும் பிழைத்தது. விலங்குகள் ஒன்றோடொன்று மூர்க்கமாக மோதும் எம்மானுவேல் ஃப்ரெமியேயின் சிற்பங்களை இன்றும் அங்கே காணலாம். விருந்தினருக்காக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய சிறு மாளிகையும் இருக்கிறது. அரண்மனையின் இரும்பு வாயிற்கதவோ, ஹோஜூஃப் நகர விலங்குக் காட்சிசாலைக்குப் போய்விட்டது!