ஜாடியின்மேல் இருந்த பெயர்

புனைபெயர் என்பது தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்குப் புதிய சங்கதி அன்று. சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தனானதையும், ரங்கராஜன் என்ற எஞ்ஜினியர் தம் மனைவியின் பெயரையே சூடிக்கொண்டு சுஜாதாவாகி விஞ்ஞானக் கதையை நம் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்து சேர்த்ததையும் நாம் வெகு இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஆண் ஒருவர் பெண்பெயரில் எழுதுவதை ரசிக்கும் இந்த உலகம், பெண் ஒருத்தி ஆண்பெயரில் எழுதினால் அந்த எழுத்தை எந்தக் கண்ணோடு படிக்கிறது, உண்மை வெளிப்பட்ட பிறகு எந்தக் கண்ணோடு படிக்கிறது என்பதை அறிய விரும்புகிறவர்கள், ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற அமெரிக்கச் சிறுகதாசிரியரின் சரித்திரத்தை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1967ஆம் வருஷம். ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட ஆலிஸ் ஷெல்டன் என்ற மாது, உளவியலில் டாக்டர் பட்டத்துக்காக இராப்பகலாக உழைத்த களைப்பினிடையே, மனத்துக்கு ஒரு விடுதலையாக, சில விண்வெளிக் கதைகளை எழுதியிருந்தார். அவற்றைப் பத்திரிகைகளுக்கு அனுப்ப ஒரு பெயர் வேண்டியிருந்தது. கணவரோடு மளிகைக் கடைக்குச் சென்றபோது, அலமாரியில் இருந்த மார்மலேட் ஜாடி ஒன்றில் ‘டிப்ட்ரீ’ என்று அச்சிட்டிருந்தது அவர் கண்ணில் பட்டது. அது இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பிரதேசத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். பழப்பாகுக்குப் பேர்போன ஊர். ‘ஜேம்ஸ் டிப்ட்ரீ’ என்று மனைவி சொல்ல, ‘ஜூனியர்’ என்று கணவர் சேர்த்தார். கதைகள் எப்படியும் திரும்பிவரும், அப்போது வேறொரு பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்பதே ஆலிஸின் எண்ணம். ஆனால் கதைகள் திரும்பி வரவில்லை. 1968 மார்ச் மாதம் ‘அனலாக்’ பத்திரிகையில் முதற்கதை பிரசுரமாயிற்று.

அந்த மாதின் பூர்வ சரித்திரமே ஒரு நாவலுக்குப் போதும். 1915இல் சிகாகோவில் பிறந்தவர். தாயார் மேரி ஹேஸ்டிங்ஸ் பிராட்லி பிரசித்தி பெற்ற எழுத்தாளர், யாத்திரிகர். ஆறு வயதிலேயே பெற்றோருடன் பெல்ஜியன் காங்கோவின் காடுகளுக்குச் சென்றுவந்த அந்தக் குழந்தையைக் கதாநாயகியாக்கித் தாயார் ஒரு புத்தகமே எழுதினார். பிற்பாடு ஆலிஸ் சித்திரம் தீட்டினார், யுத்த காலத்தில் ராணுவத்தில் சேர்ந்து, ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களைக் கண்டு பொருளறியும் வேலை பார்த்தார், கணவரோடு நியூ ஜெர்ஸியில் கோழிக்குஞ்சு பொரிக்கும் தொழில் நடத்தினார், சி.ஐ.ஏ.வில் மூன்று ஆண்டுகள் உத்தியோகம் செய்தார். சென்ற இடமெல்லாம் ‘இந்த வேலைக்கு வந்த பெண்’ என்று தம்மைத் தனியே சுட்டிக்காட்டும் பார்வையைச் சகித்துச் சலித்தவருக்கு, ஓர் ஆணின் பெயர் நல்ல மறைவிடமாகத் தோன்றியதில் வியப்பென்ன?

அந்த மறைவிடத்திலிருந்து வெளிவந்த கதைகளுள் ஒன்றை மட்டும் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். 1973இல் வெளியான அக்கதையின் தலைப்பைத் தமிழில் ‘ஆண்கள் காணாத பெண்கள்’ எனலாம். மெக்ஸிகோவின் கிழக்குக் கரையோரம் செல்லும் சிறிய விமானமொன்று புயலில் சிக்கி, சதுப்பு நிலத்தை ஒட்டிய மணல்திட்டில் இறங்கிவிடுகிறது. கதை சொல்பவன் டான் ஃபென்டன் என்ற அமெரிக்கன். கூட வந்த ரூத் பார்ஸன்ஸும் அவள் மகளும் விமானத்தில் ஏறும்போது அவன் கண்ணுக்கு உருவம் தெளியாத மங்கலாகவே பட்டவர்கள். குடிதண்ணீர் தேடி ரூத்தும் அவனும் அலையாத்திக் காட்டினூடே போகும்போதும் அவன் யோசனையெல்லாம், இந்தப் பெண் தன்னைக் கண்டு அஞ்சுகிறாளா, தன்னை விரும்புகிறாளா என்பதுதான். அவளோ அவனை நினைக்கவே இல்லை. இருளில் அயற்கிரகத்து ஜீவன்கள் எதிர்ப்பட்டபோது, அவன் துப்பாக்கியைத் தூக்குகிறான். அவளோ தங்களையும் அழைத்துச் செல்லுமாறு அந்த ஜீவன்களிடம் மன்றாடுகிறாள். தாயும் மகளும் பூமியை விட்டே போய்விடுகிறார்கள். அன்னியரிடையே வாழ்வது அவர்களுக்கு ஏற்கெனவே பழகிப்போன வாழ்க்கைதான் என்ற உண்மை வாசகனுக்கு விளங்குகிறது. கதையைச் சொல்கிற அந்த மனிதனுக்குக் கடைசிவரையில் விளங்கவே இல்லை. தான் காண்பது இன்னதென்று அறியாத ஒருவன் வாயாலேயே முழு உண்மையையும் சொல்லவைத்த இந்தச் சாமர்த்தியத்துக்கு ஈடாக, விஞ்ஞானக் கதை இலக்கியத்தில் நான் படித்தது மிகச் சொற்பம்.

அக்கதை, விஞ்ஞானக் கதைகளுக்கு வழங்கப்படும் நெபுலா பரிசுக்கு முன்மொழியப்பட்டபோது ஆசிரியரே அதை விலக்கிக்கொண்டார். பெண்ணின் மனத்தை இவ்வளவு நன்றாக அறிந்த ஆண் என்ற பெயரில் வரும் கீர்த்தியைப் பெற அவர் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை.

டிப்ட்ரீயை எவரும் நேரில் கண்டதில்லை. வர்ஜீனியாவில் ஒரு தபால் பெட்டி இலக்கம். அங்கிருந்து உர்ஸுலா லெ குவின், ஜோயன்னா ரஸ் முதலிய எழுத்தாளர்களுக்கு அன்பும் ஹாஸ்யமும் ததும்பும் கடிதங்கள். அவர் பெண்ணாக இருக்கலாம் என்று சிலர் ஐயுற்றபோது, ராபர்ட் சில்வர்பெர்க் என்ற பெயர்பெற்ற எழுத்தாளர், 1975இல் வெளிவந்த டிப்ட்ரீ கதைத்தொகுதியின் முன்னுரையில், இந்த நடையில் மறுக்கவொண்ணாத ஆண்மை இருக்கிறதென்று எழுதி, அந்த ஐயத்தை அபத்தமென்று தள்ளினார். ‘ஆண்கள் காணாத பெண்கள்’ இடம்பெற்றிருந்ததும் அதே தொகுதியில்தான்!

1976இல் தாயார் காலமானார். சிகாகோவில் தம் தாயார் நோயுற்றிருப்பதை டிப்ட்ரீ கடிதங்களில் எழுதியிருந்தபடியால், பத்திரிகையில் வந்த மரணச் செய்தியை அன்பர் ஒருவர் தேடிப் பிடித்தார். அதில் ஒரே வாரிசாகக் குறிப்பிட்டிருந்தது ஆலிஸ் ஷெல்டன் என்ற பெயர். இரகசியம் தானாகவே வெளிவருமுன், அவர் நண்பர்களுக்கு உண்மையை எழுதினார், சிநேகம் முறிந்துவிடுமோ என்ற அச்சத்தோடு. லெ குவின் அளவற்ற மகிழ்ச்சியோடு பதில் எழுதினார். சில்வர்பெர்க் தம் பிழையைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

எனினும் ஆலிஸ் ஷெல்டனுக்கு டிப்ட்ரீயின் மரணம் ஒரு மெய்யான மரணமாகவே இருந்தது. அதன் பின்னும் நாவல்கள் எழுதினார், கதைகள் எழுதினார். முன்பிருந்த வேகமும் துணிவும் அவற்றில் குறைந்தன என்பதே என் அபிப்பிராயம். இடையில் ரக்கூனா ஷெல்டன் என்ற பெண்பெயரிலும் அவர் எழுதியதுண்டு. டிப்ட்ரீக்குக் கிடைத்த வரவேற்பு அந்தப் பெயருக்கு ஆரம்பத்தில் கிடைக்கவில்லை. ஒரே கரம் எழுதிய கதைகள் அவை. அந்தக் குறையை எழுதியவர் தலையில் ஏற்றுவது நியாயமன்று. அது வாசகர்களாகிய நம்முடையது. 1987இல், கண்பார்வை ஏறக்குறைய முற்றும் இழந்திருந்த கணவரைச் சுட்டுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டு, எழுபத்தொன்றாம் வயதில் மாண்டார். அந்தத் துயரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

தமிழில் நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள்: ‘ஆண்கள் காணாத பெண்கள்’ கதையைத் தமிழில் கொண்டுவாருங்கள், ஆசிரியர் பெயரைக் கதையின் கடைசிப் பக்கத்தில் அச்சிடுங்கள்.